நெருப்புக்கு வாங்கிய கூலி

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை. அஸர் தொழுகை முடிந்து, மதரஸாப் பிள்ளைகள் வந்து சேர்வதற்கு முன் கிடைக்கும் அந்தச் சிறிது நேரத்தில், என் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். எட்டு வயதில் என்னிடம் அலிஃப், பே ஓதத் தொடங்கிய பிள்ளை. இப்போது இருபத்தாறு வயது இளைஞர். சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வரும் ஓர் ஊரில், பழம்பொருள் விற்கும் கடையொன்றில் வேலை என்றார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து ஒரு பித்தளைக் கிண்டியை எடுத்து என் முன்னே வைத்தார்.

பார்த்ததும் மனம் பறிபோயிற்று. நீண்ட மூக்கும், அகன்ற வயிறும், கழுத்தைச் சுற்றிக் கொடிப் பின்னலுமாக, எங்கள் பாட்டியார் காலத்துக் கலியாண வீடுகளில் விருந்தினரின் கை கழுவத் தண்ணீர் வார்த்த கிண்டியேதான். மேனி முழுவதும் கருமை படிந்திருந்தது.

"உங்கள் வீட்டுக்கு என்று கொண்டு வந்தேன், ஹஜ்ரத்" என்றார்.

அத்துடன் ஓர் உறையையும் நீட்டினார். மதரஸாவின் தண்ணீர்த் தொட்டி கசிவதை யாரோ சொல்லக் கேள்விப்பட்டாராம். உள்ளே 5,000 ரூபாய். அவர் வீட்டு நிலைமையை நான் அறிவேன். தங்கையின் நிக்காஹ் கடன் இன்னும் தீரவில்லை. நெகிழ்ந்துபோய் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் விரல் நகங்களின் ஓரம் கறுத்திருந்தது. மருதாணி பழுத்து மங்கிய கறையாக இருக்கும் என்று எண்ணினேன்.

மறுநாள் காலையில் என் மனைவி அந்தக் கிண்டியைக் கொல்லைப்புறம் எடுத்துப்போயிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கறுத்த பித்தளையைக் கண்டால் பொறுக்காது. புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாகக் கால்மணி நேரம். நான் சுபுஹுப் பாடம் முடித்து வீடு திரும்பியபோது, கிண்டி திண்ணையில் வெயிலில் கவிழ்ந்து கிடந்தது. மேடான இடமெல்லாம் புத்தம்புது மஞ்சள். கொடிப் பின்னலின் பள்ளங்களில் மட்டும் கறுப்பு. வயிற்றின் ஓரத்தில், கடைசல் இயந்திரம் விட்டுச்சென்ற மெல்லிய வளையக் கோடுகள் மாசு மறுவின்றித் தெரிந்தன.

"பழசு என்றீர்களே! போன மாதம் செய்தது மாதிரி இருக்கிறது" என்றார் மனைவி. தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக அவருக்கு அச்சம். தவறு அவருடையதன்று என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஏனெனில் உலோகத்துக்கு நிறம் ஏற்றும் விவகாரத்தில் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைச் சொல்வதற்கு என் வாப்பாவின் கடிகாரக் கடைக்குப் போக வேண்டும்.

வாப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு முக்காலி, கண்ணில் செருகும் பூதக்கண்ணாடி, ஒரு ஸ்பிரிட் விளக்கு. பழைய ஊசல் கடிகாரங்களின் முட்களையும் சிறு திருகாணிகளையும் நீங்கள் கவனித்திருக்கலாம். மயில் கழுத்தைப் போன்ற நீலம் ஒன்று அவற்றில் மின்னும். அது வண்ணப் பூச்சு என்றே பலரும் நினைக்கின்றனர். அன்று. எஃகை நெருப்பில் வாட்டும்போது அதன் மேற்பரப்பு காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஓர் ஏடாகப் படிகிறது. அந்த ஏட்டின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி, ஒன்றோடொன்று கலந்து நிறமாகத் தெரிகிறது. ஏடு தடிக்கத் தடிக்க நிறம் மாறும். 220, 230 பாகை வெப்பத்தில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, 280 பாகையை ஒட்டிக் கத்தரிப்பூ நிறம், 290க்கும் 300க்கும் இடையில் அந்த நீலம். அதையும் தாண்ட விட்டால் நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிடும். பட்ட பாடெல்லாம் வீண்.

இந்த எண்களெல்லாம் வரலாறு படித்த பி.ஏ. பட்டதாரியான நான் பின்னாளில் நூலகத்தில் தேடித் தெரிந்துகொண்டவை. வாப்பாவுக்கு எண் தெரியாது; கண் தெரியும். முள்ளை உப்புத்தாளில் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குவார். ஸ்பிரிட்டில் துடைப்பார். அதன்பின் அதை விரலால் தொடவே கூடாது; விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் நிறம் பிடிக்காமல் திட்டாக நின்றுவிடும். ஒரு சிறு பித்தளைத் தட்டில் பித்தளை அரத்தூளைப் பரப்பி, அதன்மேல் முள்ளைக் கிடத்தி, கீழே விளக்கைக் காட்டுவார். அரத்தூள் எதற்கு என்றால், சூடு ஓரிடத்தில் குவியாமல் எங்கும் பரவுவதற்கு. அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் கடையில் யாரும் பேசக் கூடாது. நீலம் வந்த கணத்தில் சிமிட்டாவால் எடுத்துவிடுவார்.

1994ஆம் ஆண்டு, எனக்குப் பதினாறு வயது. எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் ஊசல் கடிகாரம் பழுதுக்கு வந்தது. முட்கள் துருவேறிக் கிடந்தன. வாப்பா காய்ச்சலாகப் படுத்திருந்தார். "நீயே நீலம் ஏற்றிவிடு" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நிமிட முள் நீளமானது. நுனி ஊசிபோல் மெலிந்தது. நுனி முதலில் சூடேறிவிடும். நடுப்பகுதி பழுப்பில் நிற்கும்போதே நுனி நீலம் கடந்து சாம்பலாகிவிட்டது. மீண்டும் தேய்த்து, மீண்டும் வாட்டினேன். மூன்று முறை இப்படியே ஆயிற்று. நான்காம் முறை தேய்த்தால் முள் முறிந்துவிடும்போல் இருந்தது.

வாப்பாவின் நண்பர் ஒருவர், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைச் செப்பனிடுபவர், ஒரு சிறு புட்டியை முன்பொரு முறை கடையில் விட்டுச் சென்றிருந்தார். நெருப்பில்லாமலே இரும்பைக் கறுநீலமாக்கும் மருந்து. நான் அதைத் துணியில் தோய்த்து முள்ளில் தடவினேன். கண் முன்னே நிறம் ஏறியது! மயில் கழுத்து இல்லை, காக்கைச் சிறகு. ஆனாலும் பள்ளிவாசலின் உயரச் சுவரில் யாருக்குத் தெரியப் போகிறது? துடைத்து மாட்டிக் கொடுத்து, நீலம் ஏற்றியதற்கு வழக்கமான கூலி 15 ரூபாயையும் வாங்கிவிட்டேன். வாப்பாவிடம் நெருப்பில்தான் செய்தேன் என்று சொன்னேன்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த முள்ளில் செந்துரு பூத்தது. இப்போது காரணம் தெரியும்: அந்த மருந்தில் அமிலம் இருந்தது, அதைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி எண்ணெய் பூசியிருக்க வேண்டும். நான் துடைத்ததோடு விட்டுவிட்டேன். வாப்பா முள்ளைக் கையில் எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. மேசையிலிருந்து 15 ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார்.

"நெருப்புக்கு என்று கூலி வாங்கினோம். மருந்துக்கு அவ்வளவு கூலி கிடையாது. பள்ளிவாசல் செயலாளரிடம் நீயே கொடுத்து, என்ன செய்தாய் என்பதையும் நீயே சொல்லிவிட்டு வா."

போனேன். செயலாளர் சிரித்துவிட்டார். "கறுப்போ, நீலமோ, மணியைச் சரியாகக் காட்டுகிறதே, அது போதாதா தம்பி?" என்றார். அவர் சிரித்தது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் என் மாணவர் மீண்டும் வந்தபோது, திண்ணையில் இருந்த கிண்டியைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே தொடங்கினார்.

பெரிய பட்டறைகளிலிருந்து புதிய பித்தளைப் பொருள்கள் கடைக்கு மூட்டையாக வருகின்றன. பின்கட்டில் அவருடைய வேலை. எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நீர்த்த அமிலத்தில் முக்கி எடுத்து, மறுபடி அலசி, ஒரு தொட்டிக்குள் இறக்குவார். தொட்டியில் இருப்பது தாமிர உப்பை அம்மோனியாவில் கரைத்த, கண்ணைப் பறிக்கும் நீலத் திரவம். நீலத்துக்குள் போகும் மஞ்சள், சில நிமிடங்களில் கறுப்பாய் வெளியே வருகிறது! பித்தளையின் மேல் தாமிர ஆக்ஸைடு ஏடாகப் படிவதுதான் அந்தக் கறுப்பு. பிறகு, கை பட்டுத் தேய்ந்ததுபோல் மேடுகளை மெல்லிய எஃகு நாரால் தேய்த்து, மெழுகு பூசினால் வேலை முடிந்தது. சிறு பொருள்களுக்குப் புட்டியில் வரும் மருந்தைத் தூரிகையால் தடவுவார்களாம். முன்கட்டில் முதலாளி அட்டை எழுதிக் கட்டுவார்: "200 ஆண்டுப் பழமை."

"நான் ஒரு பொய்யும் சொல்வதில்லை, ஹஜ்ரத். நிறம் ஏற்றுகிறேன், அவ்வளவுதான். அட்டை எழுதுவது அவர், விற்பது அவர். என் கூலி ஹலால்தானே?"

இதைக் கேட்கத்தான் முதல் நாளே வந்திருக்கிறார். கேட்க வாய் வராமல் உறையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. அதை அவரிடமும் சொன்னேன். ஆனால் கேட்டவர் என்னிடம் ஓதியவர். விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்ற பாடத்தை, பத்து வயதில் இதே பாயில் அமர்ந்து என்னிடமே மனனம் செய்து ஒப்பித்தவர்.

கறுப்பேற்றுவதில் குற்றம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்பதே என் கருத்து. தொலைநோக்கி, நுண்நோக்கி, புகைப்படக் கருவி ஆகியவற்றின் பித்தளைக் குழல்களை உட்புறம் கறுப்பாக்குவது, வேண்டாத ஒளி சிதறிக் காட்சியைக் கெடுக்காதிருப்பதற்காக. துப்பாக்கிக் குழலை நீலமாக்குவது, துருவைத் தடுக்கவும் வெயிலில் மினுங்காதிருக்கவும். அதில் ஒரு பழைய முறை எனக்கு மிகவும் பிடித்தது. இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, அந்தச் செந்துருவைக் கொதிநீரில் வேக வைப்பார்கள். செந்துரு கருந்துருவாக மாறும். தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி துரு, மறுபடி கொதிநீர். பலமுறை செய்தபின், அரிக்க வந்த துருவே இரும்புக்குக் காவலாகிவிடும்.

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்றிருந்தேன். அங்கே பீதரி வேலைப்பாட்டு ஹுக்காக்களின் முன் நெடுநேரம் நின்றேன். பஹ்மனி சுல்தான்களின் தலைநகராயிருந்த பீதர் நகரத்துக் கலை அது. துத்தநாகத்தோடு சிறிதளவு தாமிரம் கலந்து வார்த்து, செதுக்கிய கோடுகளில் வெள்ளிக் கம்பியைப் பதித்து, பழைய கோட்டையின் மண்ணும் நவச்சாரமும் கலந்த சூடான நீரில் நனைக்கிறார்கள். உலோகம் மையாய்க் கறுக்கிறது. வெள்ளி மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது. நிலவில்லாத இரவில் மல்லிகை பூத்ததுபோல் இருக்கும். 2006ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. அந்தக் கறுப்பு எதையும் மறைக்கவில்லை. நேற்றுச் செய்த பீதரிக் குடுவையை நேற்றுச் செய்தது என்று சொல்லியே விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

எனவே வழக்கு கறுப்பின்மேல் இல்லை, அந்த அட்டையின்மேல்தான். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நூறு ஆண்டுக்குக் குறையாத பழைமையான கலைப்பொருள்களை வாணிபம் செய்ய உரிமம் வேண்டும். அந்த முதலாளியின் அட்டை மெய்யானால் அவர் உரிமம் காட்ட வேண்டும். பொய்யானால் வாங்கியவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைச் சொன்னபோது என் மாணவர் சிரித்துவிட்டார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

இன்னொன்றும் சொன்னேன். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. என் மனைவியின் புளியில் இருந்தது. நம் வீடுகளில் உண்மையிலேயே பழைய பித்தளை கறுப்பாகவா இருக்கிறது? உம்மாவின் உம்மா காலத்துப் படிக்கமும், சஹன் தட்டும், வெற்றிலைப் பெட்டியும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவை பொன்னாய் மின்னுகின்றன. ஒவ்வொரு நோன்புக்கும், ஒவ்வொரு பெருநாளுக்கும் புளி போட்டுத் துலக்கியிருக்கிறார்கள் அல்லவா! அவற்றின் வயதைக் காட்டுவது கறுப்பு அன்று. துலக்கித் துலக்கி விளிம்பு காகிதமாய் மெலிந்திருக்கிறது. கொடிப் பின்னல் கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் தெரிகிறது. அடியில் ஒட்டுப் போட்டிருக்கிறது. யாருடைய கலியாணத்துக்கு யார் கொடுத்தது என்று பெயர் வெட்டியிருக்கிறது. அந்தப் பெயரும் பாதி அழிந்துவிட்டது. வெளியூரார் பழைமை என்று நினைப்பதைத்தான் அந்தத் தொட்டி தயாரிக்கிறது. எந்தப் பெண்ணும் இருநூறு ஆண்டு துலக்காமல் விட்ட கிண்டி அது!

அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் அப்போதுதான் அந்தக் கறையைச் சரியாகப் பார்த்தேன். "உறை போடுவதில்லையா?" என்று கேட்டேன். இல்லையாம். அம்மோனியா நெடியில் மாலையானால் கண் எரியுமாம். இதைவிட மோசமானது ஒன்று: வீட்டில் வைத்துச் செய்வதற்காகப் புட்டி மருந்தில் கொஞ்சத்தை ஒரு குளிர்பானப் புட்டியில் ஊற்றிக் கொண்டுவந்து, அடுக்களை மாடத்தில் வைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு வயதில் ஆண் குழந்தை.

கூலியைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் என் நண்பர் வீட்டுக்கு அவரை அழைத்துப் போனேன். நண்பர் புட்டியின் மேலட்டையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். செலினியம் கலந்த அமிலம், தாமிர உப்பு. 1994இல் நான் வெறுங்கையால் தடவியதும் இதே இனம்தான். நெருப்பில் வரும் நீலம் எஃகின் சொந்தத் தோல்; இந்த மருந்தில் வருவது செலினியமும் தாமிரமும் மேலே படிந்த வேற்றுப் படலம். அதனால்தான் கைபடக் கைபடத் தேய்ந்து போகிறது என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, துப்பாக்கிக்கு நீலமேற்றும் இந்த வகை மருந்தைத் தெரியாமல் குடித்த குழந்தைகள் இறந்துபோனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது, இதற்கென்று தனி முறிமருந்தும் கிடையாது என்றார்.

என் மாணவர் எழுந்து நின்றுவிட்டார். அங்கிருந்தே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, புட்டியை எடுத்து உயரே வைக்கும்படி மனைவியிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவர் கை நடுங்கியது.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்காக நண்பர் சொன்னவற்றில் சிலவற்றை எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டு ஆண்களின் தொழில் எதுவானாலும், மருந்துப் புட்டியைத் தின்பண்டப் புட்டிக்கு மாற்ற விடாதீர்கள். வந்த புட்டியில், வந்த அட்டையோடு, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். தாமிரத்தைக் கறுப்பாக்கக் கந்தக உப்பு ஒன்றும் விற்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசும். அதோடு அமிலம் ஒரு துளி கலந்தாலும் எழும் ஆவி உயிரைக் குடிக்கும். இரும்பைக் கறுப்பாக்கும் கொதிக்கும் காரத் தொட்டி 140 பாகையளவு சூட்டில் இருப்பது. அதில் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் மேலே தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் பட்டால் பொங்கி எழும். பயன்படுத்திய கரைசலைக் கிணற்றோரம் கொட்டவே கூடாது. கடையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்களாம்.

இரவு இஷாவுக்குப் பின் இருவரும் மதரஸாத் திண்ணையில் உட்கார்ந்தோம். வாப்பாவின் 15 ரூபாய்க் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"உங்கள் வாப்பாவுக்குச் சொந்தக் கடை, ஹஜ்ரத். நான் கூலிக்காரன். நாளைக் காலையில் நான் என்ன செய்வது?"

நியாயமான கேள்வி. வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் கடனை நான் அடைக்கப் போவதில்லை. கடைசியில், என் மேசையிலிருந்த தடித்த அட்டையைத் துண்டுகளாக வெட்டி, இருவருமாக உட்கார்ந்து எழுதினோம்: "புதிய வார்ப்பு. கைவேலை. கறுப்பு மெருகு ஏற்றப்பட்டது." என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருந்ததால் பெரும்பாலானவற்றை நானே எழுதினேன். அவர் கறுப்பேற்றும் ஒவ்வொரு பொருளிலும் ஒன்றைக் கட்டியே முன்கட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அதற்குமேல் முதலாளி என்ன செய்கிறாரோ, அது இனி இவருக்குத் தெரியாத ஒன்றாக இராது. இவர் சொல்லாத ஒன்றாகவும் இராது.

"கிழித்துவிட்டால்?" என்றார்.

"மறுபடி கட்டு."

"அனுப்பிவிட்டால்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வந்தபோது பார்த்தேன். நகம் வெளுத்திருந்தது, கையுறை போடுகிறார். முதல் வாரம் முதலாளி அட்டைகளையெல்லாம் கிழித்திருக்கிறார். பிறகு விடுதி கட்டும் ஒருவர் வந்து, கதவுக் கைப்பிடிகளும் விளக்குகளும் கறுப்பு மெருகில் புதிதாகவே வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த வேலைக்கு இப்போது அட்டை நிலைக்கிறதாம். பெரிய சிலைகளுக்கும் கிண்டிகளுக்கும் இன்னும் இல்லை. விளக்குப் பட்டறை ஒன்றில் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பதாகவும், அங்கே கூலி குறைவு என்றும் சொன்னார்.

உறையைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்று வாங்க மறுத்துவிட்டார். நான் இன்னும் இரசீது எழுதவில்லை. வருகைப் பதிவேட்டுக்குள் இருக்கிறது; தொட்டியும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது.

புறப்படும்போது கை கழுவத் தண்ணீர் கேட்டார். என் மனைவி அந்தக் கிண்டியிலேயே கொண்டுவந்து வைத்தார். பள்ளங்களில் மிச்சமிருந்த கறுப்பை அவர் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

"இன்னும் கொஞ்சம் புளி போட வேண்டும், உம்மா" என்றார்.